இடது பக்கம் இழுத்த வண்டி

அந்த வண்டியை அண்ணன் எனக்குச் சும்மாதான் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பதிலாக எல்லோரும் என்னிடம் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாற்றுப் பண்ணை இருக்கிறது. தென்னை, பாக்கு, வாழைக் கன்றுகள் விற்கிறோம். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், அதனால் பண்ணை முழுக்க என் பொறுப்பு. கன்று வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலைமேல் இருக்கிறவர்கள். மழை பெய்தால் அந்த மண் தடத்தில் சாதாரண வண்டி ஏறாது. கோவையில் அண்ணனுக்குக் கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி. அவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்று இருந்தது. புதுக் கார் வாங்கியதும் அதை எனக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஒரு பொங்கலுக்கு மறுநாள் பவுண்டரி ஆள் ஒருவர் பிக்கப்பை ஓட்டிவர, அண்ணன் பின்னால் புதுக் காரில் வந்தார். பூ, பழம், புடவையோடு சாவியையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"இனி மழைன்னு ஆர்டர உடாத கண்ணு. இது எங்க வேணாலும் ஏறும்," என்றார்.

நான் அழுதேன். எனக்கென்று ஒரு வண்டி அதுவரை இருந்ததில்லை.

முதல் வாரமே தெரிந்தது. சத்தி ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வண்டி இடது பக்கம் நகர்ந்தது. திடுமென்று இல்லை. தோளில் ஒரு குழந்தை தூங்கிச் சரிகிற மாதிரி மெதுவாக. நாற்பதில் தெரியாது, அறுபதில் நன்றாகத் தெரியும். மூட்டை ஏற்றியிருந்தால் இன்னும் கூடும். கன்று இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் வலது தோள்பட்டை வலித்தது. வண்டியை நேராக வைக்க நாள் முழுக்க வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருந்த வலி.

கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

"ரோடே எடது பக்கம் சரிவாத்தான் போடறாங்க. தண்ணி ஓடோணுமில்ல. அண்ணன் சும்மா குடுத்த வண்டி, அதுல போயி நொட்டம் சொல்லாத."

உள்ளூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். காற்றுப் பார்த்தார். சரியாக இருந்தது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு என்றால் இழுப்பு இனி வலது பக்கம் மாறும் என்றார். மாறவில்லை. பிரேக் உரசுகிறதோ என்று வேகமாக ஒரு சுற்று ஓட்டி வந்து இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கைவைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடுதான். நான்கு சக்கர இழுவை பூட்டியே இருக்கிறதோ என்று முன் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். இரண்டும் லேசாகச் சுற்றின. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "வீல் அலைன்மெண்ட் பண்ணிப் பாருங்கக்கா," என்றார்.

அலைன்மெண்ட் பண்ணினேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை, மூன்று கடைகளில். எல்லா இடத்திலும் சக்கரத்தில் கண்ணாடி மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் பச்சை நிறம் வந்தது. பச்சை வந்தால் வேலை முடிந்தது. "இப்ப அம்பு மாதிரி போகும் பாருங்க," என்று ஒருவர் சொன்னார். கடை வாசலைத் தாண்டி இருநூறு அடி போவதற்குள் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. திரும்பிப் போய்ச் சொன்னால், ஸ்டீரிங்கை நான் இறுக்கிப் பிடிப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது கடைக்காரர் என்னிடம் சொல்லவில்லை. கூட வந்திருந்த கணவரிடம், "மேடம் கொஞ்சம் பயந்து ஓட்டறாங்க சார்," என்றார். கணவர் தலையாட்டினார்.

நான்கு மாதத்தில் முன் இடது டயரின் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிட்டது. அதைக் காட்டினேன். நான் ஓட்டுகிற லட்சணம் அது என்று ஆனது.

ஐப்பசி மழையில்தான் வாய்க்கால் கரையில் அது நடந்தது. பின்னால் பாக்குக் கன்றுகள், பக்கத்து சீட்டில் பண்ணையில் வேலை செய்கிற ஒரு பெண். எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, இடது பக்கம் பாய்ந்தது. நான் முழு பலத்தோடு வலது பக்கம் ஒடித்தேன். முன் இடது சக்கரம் கரையை விட்டு இறங்கித் தொங்க, அடிப்பாகம் மண்ணில் தட்டி வண்டி நின்றது. கீழே வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் நெற்றி கண்ணாடியில் மோதி மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. நான்கு சக்கர இழுவையைப் போட்டு ரிவர்ஸில் வண்டியை நானேதான் மேலே ஏற்றினேன். அதை யாரும் பேசவில்லை. நான் வாய்க்காலில் விடப் பார்த்ததைத்தான் ஊர் பேசியது. அந்தப் பெண் அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள், ஆனால் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று மாலை அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"என்ன கண்ணு, வாய்க்கால்ல உட்டுப்போட்டியாமா?"

"வண்டி எடது பக்கம் இழுக்குதுங்கண்ணா. வண்டி வந்த நாள்ல இருந்து நானு சொல்லீட்டு இருக்கறேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு சிரித்தார்.

"அது பெரிய வண்டி கண்ணு. பொம்பளைக ஓட்டற வண்டி இல்ல. ஒரு டிரைவரப் போட்டுக்க."

கணவர் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். கோபப்பட்டுக்கூடச் செய்யவில்லை. பால் பாத்திரத்தை மூடி வைக்கிற மாதிரி வைத்தார். ஒன்பது மாதமாக அந்த வண்டியை ஓட்டியவள் நான். அது எந்த வேகத்தில் எவ்வளவு சாய்கிறது என்று என் தோளுக்குத் தெரியும். அதை ஒருநாள்கூட ஓட்டிப் பார்க்காதவர்கள் எனக்கு ஓட்டத் தெரியாது என்று முடிவு செய்தார்கள். அதைவிடக் கேவலம், நானும் பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன்.

கார்த்திகையில் கணவர் பயிற்சி வகுப்புக்காக இரண்டு நாள் வெளியூர் போனார். பீரோவின் இன்னொரு சாவி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிக் கோவைக்குப் போனேன். கணபதியில் ஒரு சந்துக்குள் பழைய லாரி, ஜீப்புகளுக்கு முன் அச்சு வேலை மட்டும் பார்க்கிற பட்டறை இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஒரு பள்ளம், இரண்டு ஜாக்கி, சுவரில் சாய்த்த கம்பிகள். பட்டறைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பேசவே விருப்பமில்லாத முகம்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்களே ஓட்டுங்க, நானு பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றார். அப்படி என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஒரு பழைய மில்லின் தட்டையான சிமெண்ட் வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே தரையில் சரிவு கிடையாது. ஸ்டீரிங்கை விடச் சொன்னார். விட்டேன். வண்டி இடது பக்கம் போனது. திருப்பி எதிர்ப்பக்கமிருந்து ஓட்டச் சொன்னார். அப்போதும் இடது பக்கம்தான்.

"ரோடு சரிவு இல்லீங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்ததும் முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். பிறகு இரண்டு பக்கமும் கைவைத்து ஆட்டினார். லேசாகக் கடகடத்தது. "பால் ஜாயிண்ட் கொஞ்சம் தேஞ்சிருக்குங்க. இதுனால இவ்வளவு இழுக்காது." நான் கொண்டுபோயிருந்த மூன்று கடைச் சீட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது, மற்றவை காலி.

"ரெண்டு சக்கரமும் ஒண்ண ஒண்ணு பாத்து நேரா நிக்குதான்னு மட்டும் வெச்சிருக்காங்க. அது தப்புனா டயரு தேயும், வண்டி ஒரு பக்கமா போகாது. மத்தது எதையும் தொடவே இல்ல."

பிறகு பள்ளத்துக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் இறங்கச் சொன்னார். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தைத் தாங்குகிற மேல் கை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேருகிற இடத்தில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்களாம். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்ய அதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வலது பக்கம் இரண்டு தகடு இருந்தது. இடது பக்கம் ஒரு முனையில் ஒன்றுமே இல்லை, மறு முனையில் விரல் தடிமனுக்கு அடுக்கியிருந்தது.

"இது கம்பெனில வெச்சது இல்லீங்க. இந்தச் சக்கரம் பின்னால போயிருக்குது. அத இழுத்து நிறுத்த முன்னாடியே ஒருத்தரு பாத்திருக்காரு. முடியல, உட்டுப்போட்டாரு."

வண்டியை இறக்கி, ஸ்டீரிங்கை நேராக வைத்து, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் குறி போட்டார். டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். வலது பக்கம் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே அளந்தோம். பிறகு இடது பக்கம். இடது பக்கம் இரண்டு விரல் அளவுக்குக் குறைந்தது. அவர் மறுபடி அளந்தார். அதேதான்.

மறுபடியும் கீழே இறங்கி, இடது பக்கச் சேஸிஸில் கருப்புப் பெயிண்டைச் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே இரும்பு சுருங்கி, துணி மடிந்த மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள்.

"பலமா மோதியிருக்குதுங்க. இது ஓட்டற வண்டி இல்ல. கையெடுத்துக் கும்பிட்டு ஓரங்கட்டிருங்க."

"இத எழுதிக் குடுப்பீங்களா?" என்றேன்.

அதுவரை என்னை நேராகப் பார்த்துப் பேசியவர் பார்வையை மாற்றினார். வண்டியின் பின்பக்கம் அண்ணன் பவுண்டரியின் பெயர் லேசாகத் தெரிந்தது. அதை அவர் வந்தவுடனேயே கவனித்திருக்க வேண்டும்.

"இந்தச் சந்துல பாதிப் பேரு அவிகளுக்குத்தான் வேல செய்யறோமுங்க. நானு சொன்னேன்னு சொல்லீராதீங்கக்கா."

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் பத்து நிமிடம். காபி வந்தது. அதைத் தொடாமல் கேட்டேன்.

"வண்டி மோதியிருக்குதுங்கண்ணா. சேஸிஸ் மடங்கியிருக்குது. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி உள்ளே போனார்.

"நம்ம பழைய டிரைவரு இடிச்சுப்போட்டான். அதுக்குத்தான் அவன நிறுத்துனேன். பட்டறைல சரி பண்ணிக் குடுத்தாங்க, சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

"டீசல் திருடுனாருன்னுதான நிறுத்துனீங்க?"

"அதுவுந்தான்."

"எனக்கு ஏனுங்கண்ணா சொல்லல?"

"ஓசில குடுத்த வண்டிக்கு இத்தன கேள்வியா?" என்றார். எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டினார். சிறுவயதிலிருந்தே பொய் சொன்னால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த டிரைவர் பதினோரு வருடம் அண்ணனிடம் இருந்தவர். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவரும் அவர்தான். வேலையை விட்டு நிறுத்திய பிறகு ஒருநாள் எங்கள் பண்ணைக்கு வந்து வேலை கேட்டார். டீசல் திருடுகிறவர் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஆள் தேவையில்லை என்று வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். அவர் நொண்டி நொண்டித் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏன் நொண்டுகிறார் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது யோசித்தேன். அண்ணன் வீட்டிலிருந்து நேராக அவிநாசிக்குப் போனேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்றேன். அப்படியும் எழுந்தார். பிறகு என் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இன்னமும் எடது பக்கம் போகுதுங்களா சின்னம்மணி?"

நான் எதுவுமே கேட்பதற்கு முன்னால் அவர் சொன்னது இது.

"நீங்க ஓட்டும்போதா மோதுச்சு?" என்றேன்.

"நானு எடது பக்க சீட்டுல இருந்தனுங்க." முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "டிரைவரு சீட்டுல இருந்தா எனக்கு இங்க அடி பட்டிருக்காதுங்க. உங்க அண்ணந்தான் ஓட்டுனாரு. விருந்துல இருந்து வந்தமுங்க. நானு ஓட்டறேன்னேன், சாவியத் தர்ல. பாலத்துக் கட்டைல உட்டுட்டாரு."

"போலீசுக்குப் போகலையா?"

"பெரியவங்க ஊட்டு விசயம், வெளிய வேண்டாம்னாரு. ஆஸ்பத்திரி செலவு பாத்தாரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கால் ஆறுனதுக்கப்பறம் வேலைக்கு வாரேன்னு போனேன். டீசல் கணக்குல தப்பு, இனி வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. அதுக்கு மேல எந்த ஊட்டுலயும் எனக்கு வண்டி தர்லீங்க."

எந்த வீட்டிலும் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக் கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். பண்ணைக்கு வரும்படி கூப்பிட்டேன். புது வண்டி வாங்குவேன், நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. தட்டில் சாவி வைத்துக் கொடுக்கிறவர்களின் குரல் அது.

"கால் மடங்காதுங்க. கிளட்ச் மிதிக்க முடியாது," என்றார். பிறகு, "உங்களுக்கு லேட்டாவுது, பாத்துப் போங்க," என்றார். ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போனார். நான் அங்கே நிற்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

அந்த வண்டியை விற்க மனம் வரவில்லை. வாங்குகிறவரிடம் உண்மையைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். சொல்லாமல் விற்றால் அண்ணன் எனக்குச் செய்ததை நான் இன்னொருவருக்குச் செய்கிறேன். உடைக்கிற இடத்துக்கு அனுப்பினேன். சேஸிஸை என் கண்முன்னால் இரண்டாக அறுக்கச் சொன்னேன். அறுக்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணன் கொடுத்த சீரைக் காயலான் கடைக்குப் போட்டவள் என்று என் பெயர் சொந்தத்தில் பரவியது. அம்மா போனில் அழுதார். நடந்ததை எல்லாம் சொன்னேன். டிரைவரின் காலைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் கண்ணு, அவன் உனக்கு ஆசையாத்தான குடுத்தான்," என்றார். கணவருக்கு நான் சொன்னது சரி என்று புரிந்தது. ஆனால் அவர் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. பீரோ சாவியைப் பற்றி நாங்கள் இருவருமே பேசிக்கொண்டதில்லை.

பட்டறைக்காரர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரைவரின் பெயரைச் சொல்லி நாலு பேர் நடுவில் நியாயம் கேட்கலாமா என்று அவரிடம் ஒருமுறை ஆள் அனுப்பிக் கேட்டேன். வேண்டாம், இந்த வேலையும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திருடன் என்ற பெயர் அவருக்கு அப்படியே நிற்கிறது. அண்ணனுக்கு எந்தப் பெயரும் இல்லை.

போன வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தை வீட்டுக்கு முதல் பத்திரிகை வைப்பது எங்கள் வழக்கம். எனக்கு வாட்ஸப்பில் வந்தது. போகக்கூடாது என்று இருந்தேன். அம்மாவுக்காகப் போனேன். மண்டபத்தில் அத்தை செய்ய வேண்டியதை ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் செய்துகொண்டிருந்தார். நான் மொய்க்கவர் கொடுக்கிற வரிசையில் மற்றவர்களோடு நின்றேன்.

மேடைக்கு அருகில் அண்ணன் எதிரே வந்துவிட்டார். இருவருக்கும் ஒதுங்க இடமில்லை. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். கொஞ்சம் இளைத்திருந்தார். சுற்றிலும் எங்கள் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டியா கண்ணு?" என்றார்.

"சாப்ட்டேனுங்கண்ணா," என்றேன்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்துபோய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு ஊருக்கு வந்தேன்.